ஓடைக்கு யார் எச்சரிக்கை விடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையின்போது, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.5 லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் வந்து தென்பெண்ணைக் கரை ஊர்கள் பட்ட பாட்டை மறக்க முடியாது. இப்போது பெண்ணையில் தண்ணீர் வருகிறது என்றால் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஊர் ஊராகப் போகிறது. ஓடைகளை யார் பார்க்கிறார்கள்?

பண்ருட்டி வட்டத்தில், கெடிலத்தில் போய்ச் சேரும் ஓடை ஒன்றின் கரையில் இருக்கிறது எங்கள் ஊர். ஆண்டில் பெரும்பாலும் அதில் மணல்தான். ஆனால் மேற்கே ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழிந்தால் ஒரு மணி நேரத்தில் தரைப்பாலம் மூழ்கிவிடும். இங்கே தூறல்கூட விழுந்திருக்காது. பெரிய ஆறுகளில் மத்திய நீர் ஆணையம் நீர்மட்டம் அளக்கிறது. எங்கள் ஓடையில் அளவு எழுதிய ஒரு கல்கூடக் கிடையாது.

போன கார்த்திகையில் விடியற்காலை, பால் கேனோடு வந்தவர் பாலத்தின் நடுவில் வண்டியோடு சாய்ந்தார். தண்ணீர் முழங்காலுக்கும் கீழேதான். கரையில் நின்ற பையன்கள் கயிறு வீசி இழுத்தார்கள். வண்டி மறுநாள் கருவேலம் புதரில் கிடந்தது. இழுத்து ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே காலை வாரிவிடும். ஒரு அடியில் சிறிய கார் மிதந்து நகரும், இரண்டு அடியில் பெரும்பாலான வண்டிகள் அடித்துப் போகும். அந்தச் செந்தண்ணீருக்கு அடியில் பாலம் இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்பது பகலிலேயே தெரியாது.

அதிகாரிகளிடம் மூன்று முறை மனு கொடுத்தோம். "தண்ணீர் போகும்போது கடக்காதீர்கள்" என்றார்கள். சரியான பேச்சுதான். ஆனால் பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் அக்கரையில் இருக்கின்றன. தடுப்பும் இல்லாமல், அளவும் தெரியாமல் ஒருவர் இறங்கிவிட்டால் அதை மக்களின் அலட்சியம் என்று எழுதுவது அநியாயம்.

உயரமான பாலம் வரும்போது வரட்டும். இரு கரையிலும் அடிக்கணக்கு எழுதிய கல், இரவில் ஒளிரும் பட்டை ஒட்டிய ஓரக்கற்கள், பூட்டுப்போடும் இரும்புத் தடுப்பு, அதன் சாவி ஊரிலேயே ஒருவரிடம். மேலூர் ஏரி வழிந்ததும் கீழூருக்கு ஒரு போன். இதற்குப் பெரிய நிதி வேண்டாம்.

வாசகர்களே, உங்கள் ஊர்த் தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் இறங்காதீர்கள், 1077க்குச் சொல்லுங்கள். அதிகாரிகளே, ஐப்பசி பிறக்குமுன் அந்தக் கல்லையும் தடுப்பையும் நட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பண்ருட்டி வட்டம், கடலூர் மாவட்டம்