கணக்கில் வராத கைக்கூலி

'பொம்பளைப் புள்ளைங்களைப் படிக்க வெச்சீங்கள்ல, இப்ப அனுபவிங்க!'

முஸ்லிம் வீடுகளில் விவாகரத்துப் பேச்சு வந்தாலே யாராவது ஒரு பெரியவர் இப்படி ஆரம்பித்துவிடுகிறார். தலாக் சொல்கிற ஆண் பழைய கதை. 'குலா' கேட்டு, அதாவது தானாகவே மணவிலக்குக் கேட்டு, ஜமாத் முன்னால் நிற்கிற பெண்தான் இப்போது பிரச்னையாம்.

நான் படித்தது பி.காம். படிப்பின் மேல் பழி போடுவதற்கு முன்னால் கொஞ்சம் கணக்குப் பார்க்கலாமா?

கணவர் வளைகுடாவில். பத்து வருஷம் இங்கே வங்கி வரிசையில் நின்றது யார்? பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கும் மாமியாரின் ஆஸ்பத்திரிக்கும் அலைந்தது, வீடு கட்டும்போது கொத்தனாரிடம் மல்லுக்கட்டியது யார்? அவள்தான். அப்போதெல்லாம் 'பொம்பளை வெளியே போகலாமா?' என்று யாரும் கேட்கவில்லை. அவர் ஊர் திரும்பி, 'இனிமே நான் பார்த்துக்கறேன், நீ அடுப்படியைப் பாரு' என்றால்? அவளைப் படிப்பு மட்டும் மாற்றவில்லை சார். உங்கள் வசதிக்காக நீங்களே மாற்றினீர்கள். அந்தப் பத்து வருஷ உழைப்பு எந்தக் கணக்கிலும் இல்லை. வீட்டுப் பத்திரம் அவர் பெயரில்.

அடுத்த கணக்கு. மார்க்கப்படி ஆண்தான் பெண்ணுக்கு மஹர் தரவேண்டும். நடப்பில் பல வீடுகளில் மஹர் பேருக்கு, கைக்கூலி லட்சத்தில். அவள் குலா கேட்டால், 'வாங்கின மஹரைத் திருப்பிக் கொடு' என்கிறார்கள். சரி. இவர் வாங்கிய கைக்கூலி? நிக்காஹ் தஃப்தரில் மஹருக்கு வரி உண்டு, கைக்கூலிக்குக் கிடையாதே!

சட்டம் காப்பாற்றாதா என்பீர்கள். 2017-ல் உச்ச நீதிமன்றம் முத்தலாக் செல்லாது என்றது. 2019 சட்டம் சொன்னவனுக்கு மூன்று வருஷம் வரை சிறை என்றது. பெண்டாட்டி பிள்ளைக்குப் பணமும் கொடு என்கிறது. உள்ளே இருப்பவன் எங்கிருந்து கொடுப்பான்? குலா விஷயத்தில் இன்னும் குழப்பம். கோர்ட்டுக்குப் போகாமலே பெண் குலா பெறலாம் என்றது கேரள உயர் நீதிமன்றம், 2021-ல். ஷரீஅத் கவுன்சில் தரும் குலா சான்றிதழ் செல்லாது, குடும்பநல நீதிமன்றத்துக்குப் போ என்றது சென்னை உயர் நீதிமன்றம், 2023-ல். செங்கோட்டையில் ஒரு நியாயம். மலை தாண்டினால் புனலூரில் ஒரு நியாயம்!

புதுக்கோட்டையில் தாவூத் ஷரீபா கானம் பெண்களுக்கென்றே ஜமாத் தொடங்கினார். ஆண்கள் மட்டும் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் இடத்தில் பெண்ணின் குரல் எடுபடவில்லை என்பதுதான் காரணம்.

'அவங்க வீட்டு விவகாரம்' என்று புன்னகைக்கும் மற்ற வாசகர்களே, ரொம்ப சந்தோஷப்படாதீர்கள். உங்கள் வீட்டு வரதட்சணைக்கு மட்டும் ரசீது இருக்கிறதா?

ஜமாத் பெரியவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பெண்கள் ஏன் பிரிகிறார்கள் என்று கவலைப்படுவது இருக்கட்டும். நிக்காஹ் அன்று மாப்பிள்ளை வாங்கியதையும் தஃப்தரில் எழுதுங்கள். பிரிந்தால் அதுவும் திரும்பி வரட்டும்.

எழுதக் கூசுகிறதா? அப்படியென்றால் வாங்கவும் கூசணும்.