'டிம்மபிள்' எண்டால் எதோடை டிம்மபிள்?

எல்ஈடி பல்ப் பெட்டியில் 'டிம்மபிள்' என்று ஒரு சொல் போட்டிருப்பார்கள். அது பாதி வசனம் என்று நாங்கள் சொல்கிறோம். எந்த டிமரோடை? ஒரு சுவிச்சில் எத்தினை பல்ப் வரைக்கும்? திறந்த ஹோல்டரிலையா, சீலிங்குக்குள் பதிச்ச கூட்டுக்குள்ளையா? மிச்சப் பாதியை ஒருத்தரும் சொல்வதில்லை. பல்ப் ஆறு மாதத்தில் மினுக்கத் தொடங்கினால் மட்டும் எல்லாருக்கும் வாய் வரும்: "உங்கடை வயரிங் சரியில்லை, தம்பி."

இது வசதியான வீட்டுக்காரரின் பிரச்சினை என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இப்ப ஊரில் எழும்புகிற சின்ன வீடுகளிலும் சீலிங் அடித்து, ஓட்டை போட்டு, லைட் பதிக்கிறார்கள். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 வீதம். அதற்குப் பிறகு கரண்ட் மிச்சம் பிடிப்பது எந்த வீட்டுக்கும் ஆடம்பரம் இல்லை. வெளிச்சத்தைக் குறைத்தால் எல்ஈடி இழுக்கிற கரண்டும் குறையும். அந்த நம்பிக்கையில்தான் சனம் கூடக் காசு கொடுத்து டிம்மபிள் வாங்குகிறது.

இனி விசயத்துக்கு வருவோம். நாங்கள் கலைப்பீடத்துக்காரர், இதை விளங்கிக்கொள்ள எங்களுக்கு எஞ்சினியரிங் பட்டம் தேவைப்படவில்லை.

பழைய டிமர், இழை பல்புக்காகச் செய்யப்பட்டது. எங்கள் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் ஒவ்வொரு அரை அலையிலும் முன்பக்கத்தை அது வெட்டிவிடும், செக்கனுக்கு 100 தடவை. இழை சூட்டில் கிடப்பதால் அந்த வெட்டு கண்ணுக்குத் தெரியாது. எல்ஈடிக்குள் இருப்பது இழை இல்லை, டிரைவர் என்ற சின்ன மின்சுற்று. கரண்ட் திடீரென்று பாய அது இரையும், மினுக்கும். அலையின் பின்பக்கத்தை வெட்டுகிற டிமர்தான் பெரும்பாலான எல்ஈடிக்குப் பொருந்தும்.

சுமைக் கணக்கும் இருக்கிறது. 50 வோட்ஸ் ஹலஜன் எட்டு எரிந்தால் 400 வோட்ஸ். அதே இடத்தில் 6 வோட்ஸ் எல்ஈடி எட்டு போட்டால் 48 தான். பழைய டிமருக்குக் குறைந்தது 60 வோட்ஸ் வேண்டும் என்றால் அது ஒழுங்காக வேலை செய்யாது. இதிலே பல்பின் பிழை என்ன, வாங்கினவரின் பிழை என்ன? சொல்லாதவரின் பிழைதான்.

அடுத்தது சூடு. எல்ஈடி சூடாகாது என்பது பெரிய கட்டுக்கதை. இழை பல்ப் தன் சூட்டில் பெரும்பகுதியை வெளிச்சத்தோடு கீழே வீசிவிடும். எல்ஈடியின் சூடு பின்பக்கமாகத் தன் உடம்புக்குள்ளேயே இறங்கும். மேலே வெயிலில் கொதிக்கிற கூரை, கீழே சீலிங், நடுவில் காற்றோட்டமில்லாத கூடு. டிரைவரில் உள்ள கப்பாசிற்றரின் ஆயுள், சூடு 10 பாகை கூடக் கூட ஏறக்குறையப் பாதியாகும். பெட்டியில் உள்ள 25,000 மணித்தியாலம் இந்தக் கூட்டுக்குள் எண்ணின கணக்கில்லை. நாளுக்கு 5 மணித்தியாலம் எரித்தால் அது 13 வருசத்துக்கு மேலே. வோரண்டி அட்டையைத் திருப்பிப் பாருங்கோ, ஒண்டோ ரெண்டோ வருசம்தான் இருக்கும். தங்கள் கணக்கில் தங்களுக்கே நம்பிக்கை இல்லை!

"மலிவாய் வாங்கினா இப்பிடித்தான்" என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நல்ல பெயருள்ள, விலை கூடின பல்பையும் பொருந்தாத டிமரில், மூடின கூட்டுக்குள் போட்டால் அதுவும் சாகும். விலை இதற்கு மருந்தில்லை, தகவல்தான் மருந்து.

அந்தத் தகவலைக் கொடுக்க முடியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 செப்ரெம்பரில் இருந்து, குறிப்பிட்ட டிமர்களோடு மட்டும் வேலை செய்கிற பல்ப் என்றால் அதைச் சொல்லி எச்சரிக்க வேண்டும், பொருந்துகிற டிமர்களின் பட்டியலைத் தயாரிப்பாளர் தன் இணையத்தளத்தில் போட வேண்டும். கலிபோர்னியாவின் கட்டட விதி, பதிக்கிற லைட்டுகள் கூடின சூட்டில் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும், 10 வீதம் வரை மங்க வேண்டும் என்கிறது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? எங்கள் காசு காசில்லையா?

சட்டம் வரும் வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டிருக்கச் சொல்லவில்லை. கடையில் நின்று இவற்றைக் கேளுங்கள்:

மூடின கூட்டுக்குள் போடலாம் என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா? "மூடிய பொருத்திகளில் பாவிக்க வேண்டாம்" என்றிருந்தால் திருப்பி வையுங்கள்.

எந்த டிமர் மொடலோடு சோதித்தது? பெயர் சொல்ல முடியாவிட்டால் வாங்காதீர்கள். ஆகக் குறைந்த வெளிச்சத்தைச் சரிசெய்கிற திருகுள்ள எல்ஈடி டிமர் கிடைத்தால் நல்லது. ஃபேன் றெகுலேற்றரை லைட்டுக்கு மாட்டித் தருகிறேன் என்று ஆராவது சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

டிரைவர் தனியாகக் கழருமா? கழருமென்றால் அது செத்தாலும் அதை மட்டும் மாற்றலாம், முழு லைட்டையும் குப்பையில் போட வேண்டியதில்லை.

எட்டையும் ஒரேயடியாக வாங்காதீர்கள். முதலில் இரண்டை வாங்கி, உங்கள் டிமரில், உங்கள் கூட்டுக்குள், ஒரு கிழமை இரவிரவாக எரியுங்கள். கைப்பேசிக் கமராவால் பாருங்கள், கோடு கோடாய் ஓடினால் மினுக்கம் இருக்கிறது. ஆகக் குறைத்து வைத்து இரைச்சல் வருகிறதா என்று காது கொடுங்கள். ஆனால் இரண்டே பல்பின் சுமை டிமருக்குப் போதாமலும் இருக்கலாம், மற்றவற்றை இரவல் வாங்கி என்றாலும் முழு எண்ணிக்கையில் ஒருக்கால் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இவ்வளவு வேலையும் வாங்குகிறவர் தலையில் இருப்பதே அநியாயம். ஆனபடியால் பற்றுச்சீட்டை வைத்திருங்கள், செத்த பல்பை எறியாமல் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள், 'டிம்மபிள்' என்ற சொல்லில் விரலை வைத்து "எதோடை?" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் இறக்குமதியாளரைக் கேட்பார். இறக்குமதியாளர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.