வெற்றிடம் இழுப்பதில்லை

“வெற்றிடம் தொட்டியை உள்ளிழுத்து நசுக்கியது” என்று எழுதுவதை இனியேனும் நிறுத்துவோம். வெற்றிடம் எதையும் இழுப்பதில்லை. நசுக்குவது வெளியிலுள்ள வளிமண்டலம். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 10 டன் சுமை.

மொழியியல் படித்தவருக்கு இங்கென்ன வேலை என்பீர்கள். சொல் தவறினால் கணக்கும் தவறும், அதுதான் வேலை.

உள்ளழுத்தம், வெளியழுத்தம் இரண்டுக்கும் ‘வலிமை’ என்ற ஒரே சொல்லைக் கற்பிக்கிறோம். மாணவர் குறியை மட்டும் மாற்றி ஒரே சூத்திரத்தைப் போடுகிறார். 2 மீட்டர் விட்டம், 6 மி.மீ. தகடு கொண்ட நீண்ட எஃகு உருளையைக் கொள்க. உள்ளே ஒரு வளிமண்டல அழுத்தம் கூடினால் தகட்டில் எழும் தகைவு சுமார் 17 மெகாபாஸ்கல்; சாதாரண எஃகு நிலையாக உருமாற 250 வேண்டும். அதே உருளையிலிருந்து காற்றை வெளியேற்றுங்கள்: வலுவூட்டும் வளையங்கள் இல்லையெனில் 12 கிலோபாஸ்கல் வேறுபாட்டிலேயே நெளிந்து மடியும். முழு வெற்றிடமோ 101.

இங்கே ஆள்வது வலிமையன்று, விறைப்பு. தடிமனை விட்டத்தால் வகுத்து வரும் எண்ணின் மும்மடியே முடிவு செய்கிறது. உயர்வலிமை எஃகும் உதவாது. யங் குணகம் ஏறக்குறைய மாறுவதில்லை. மூன்று மடங்கு காப்புடன் ஏறத்தாழ 18 மி.மீ. வேண்டும், அல்லது வளையங்கள் வேண்டும்.

“கலைச்சொல்லைப் பிறகு பார்க்கலாம்” என்போர், காற்றுத்துளை அடைபட்ட தொட்டியருகே நின்று பம்பை இயக்கும் தொழிலாளியிடம் அதைச் சொல்லட்டும்.