சத்து மாத்திரையும் சித்தூர் வெயிலும்

சித்தூரில் இருக்கும் என் அத்தைக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. காலையில் காபி குடித்த கையோடு ஒரு சத்து மாத்திரை போட்டுக்கொள்வது அவருக்குப் பத்து வருடப் பழக்கம். டாக்டர் எழுதிக் கொடுத்ததல்ல, மருந்துக் கடையில் கேட்டு வாங்கியது. "சிறுநீர் மஞ்சளாகப் போகிறது, மருந்து வேலை செய்கிறது" என்பார். உடம்பு வேண்டாமென்று தள்ளும் பி2 வைட்டமினின் நிறம் அது என்று சொன்னால் நம்பமாட்டார். போன வருடம் இடுப்பும் முழங்காலும் விடாமல் வலிக்கவே ரத்தப் பரிசோதனை செய்தோம். வைட்டமின் டி மிகவும் குறைவு என்று வந்தது. மாத்திரை அட்டையைத் திருப்பிப் படித்தேன். பி வகைகள் இருந்தன, சி இருந்தது. டி இல்லவே இல்லை!

நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றில் இதே கதைதான் என்று நினைக்கிறேன். பிழைப்புக்காக ஊர் மாறி வந்தவர்கள் நாம். கடை, அலுவலகம், வாடகை வீடு என்று நாள் ஓடுகிறது. சாப்பாட்டில் விட்டதை மாத்திரையில் பிடித்துவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. வெளிநாட்டுப் பிள்ளைகள் வேறு பெரிய பெரிய டப்பாக்களாகக் கொண்டுவந்து தருகிறார்கள்.

பலன் உண்டா? அமெரிக்காவில் ஏறத்தாழ 3 லட்சத்து 90 ஆயிரம் பேரை இருபது ஆண்டுகளுக்கு மேல் கவனித்து 2024-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தினமும் மல்டிவைட்டமின் சாப்பிட்டவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாகத் தெரியவில்லை. 14,641 ஆண் மருத்துவர்களிடம் நடந்த சோதனையில், 2012-இல் வந்த முடிவுப்படி, புற்றுநோய் சற்றே குறைந்தது, மாரடைப்பு குறையவில்லை. முதியவர்களின் ஞாபகசக்திக்குக் கொஞ்சம் உதவலாம் என்று அண்மையில் சில சோதனைகள் சொல்கின்றன. ஆகவே முழுக்க வீண் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் மாதாமாதம் கொடுக்கும் காசுக்கு இது போதுமா?

நமக்கு என்ன குறை என்பதற்குத் திருப்பதியிலேயே விடை இருக்கிறது. ஸ்விம்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் சி. வி. ஹரிநாராயண் குழுவினர் இப்பகுதி நகரத்தாரையும் கிராமத்தாரையும் சோதித்து 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரு சாராரின் உணவிலும் சுண்ணாம்புச் சத்து குறைவு. அதை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும், தானியங்களில் உள்ள ஃபைட்டேட் அதிகம். இத்தனை வெயில் அடிக்கும் ஊரில் வைட்டமின் டி-யும் பற்றாக்குறை! வயலில் நிற்கும் கிராமத்தாருக்கு நகரத்தாரைவிட டி கூடுதலாக இருந்தது. இளவெயில்தான் நல்லது என்று நாம் நினைக்கிறோம். திருப்பதியில் தோல் வைட்டமின் டி தயாரிக்க ஏற்ற நேரம் பகல் 11 முதல் 2 மணி வரை என்பது அதே மருத்துவரின் இன்னோர் ஆய்வு. அந்த நேரத்தில் நாம் கடைக்குள் மின்விசிறியின் கீழ் இருக்கிறோம்.

ஒரு நாளைக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து 1000 மில்லிகிராம். மல்டிவைட்டமின் மாத்திரையில் அதில் சிறு பங்குதான் இருக்கும். இங்குள்ளவர்கள் சங்கடி என்று உருட்டிச் சாப்பிடும் நம் கேழ்வரகுக் களியை யோசித்துப் பாருங்கள். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. முளைகட்டி அரைத்தால் ஃபைட்டேட்டும் குறையும். கூடவே ஒரு கிண்ணம் தயிர், முருங்கைக் கீரை. நம் வீட்டுப் பிள்ளைகளோ களி என்றாலே முகம் சுளிக்கிறார்கள், அது வேறு வழக்கு.

ஒன்றைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரைகளை யாரும் நிறுத்திவிட வேண்டாம். ஆந்திரப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. சர்க்கரைக்கு நெடுநாள் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கும் சுத்த சைவர்களுக்கும் பி12 குறையலாம். இவர்களுக்கு வேண்டியது குறையைக் கண்டுபிடித்து அதற்கென்று டாக்டர் அளவிட்டுத் தரும் மருந்து.

அத்தை இப்போது டாக்டர் சொன்ன டி மருந்தை வாரம் ஒரு முறை சாப்பிடுகிறார். பழைய மாத்திரையையும் விடவில்லை, ரகசியமாகப் போட்டுக்கொள்கிறார் என்று என் சந்தேகம். சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மருத்துவ முகாமில் சத்து மாத்திரை இலவசமாகக் கொடுப்பதை விட்டு, அந்தப் பணத்தில் ஐம்பது வயதைக் கடந்த உறுப்பினர்களுக்கு ஹீமோகுளோபின், பி12, வைட்டமின் டி பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். முதல் பெயராக என் அத்தையின் பெயரைத் தருகிறேன்.