அசைவைப் பட்டனாக்காதீர்கள்

கார் பந்தய விளையாட்டை முதன்முதலாக ஆடுபவரை அருகிலிருந்து பார்த்திருப்பீர்கள். வளைவு வந்ததும் கட்டைவிரல் ஸ்டிக்கைத் தள்ளுவதற்கு முன்பே தோள் சாய்ந்துவிடும். சிலர் கன்ட்ரோலரையே ஸ்டியரிங் மாதிரி திருப்புவார்கள். இயந்திரம் எதையும் கண்டுகொள்ளாது. வீணாகப் போகும் அந்த அசைவைப் பிடித்துப் பயன்படுத்தினால் என்ன என்ற ஆசை, விளையாட்டுகளை வடிவமைக்கும் நம் துறைக்கு ரொம்பப் பழையது. 1989-இல் மேட்டல் விற்ற பவர் கிளவ் கையுறையிலும், 2003-இல் வந்த சோனியின் ஐடாய் கேமராவிலும் அதே ஆசைதான்.

அதை வீடு வீடாகக் கொண்டுசேர்த்தது 2006-இல் வந்த நின்டெண்டோ வீ. 10 கோடிக்கு மேல் விற்றது. எந்தப் பட்டன் எதற்கு என்று பேரன் தாத்தாவுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனதுதான் அதன் வெற்றி. ஆனால் அந்த வெற்றியை நாம் இன்றும் அரைகுறையாகவே படிக்கிறோம் என்று நினைக்கிறேன். வீ ஸ்போர்ட்ஸ் டென்னிஸில் ஆடுபவர் ஓடுவதே இல்லை. பந்து விழும் இடத்துக்குப் பொம்மை தானாக ஓடிக்கொள்கிறது. மட்டையை எப்போது வீசுவது என்பது மட்டும்தான் நம் பொறுப்பு. ரிமோட்டில் சென்சாரைச் சேர்த்ததைவிட, ஆட்டத்திலிருந்து ஓட்டத்தை எடுத்ததுதான் பெரிய வடிவமைப்பு முடிவு.

அதே தொகுப்பின் பவுலிங்கைத் தனியாகப் பாராட்ட வேண்டும். பட்டனை அழுத்திப் பிடித்துக் கையைப் பின்னே இழுத்து, முன்னே வீசும்போது பட்டனை விட்டால் பந்து உருளும். நிஜ பவுலிங்கிலும் பந்து போனபிறகு கை வெறுங்கைதான். அதனால் உடம்புக்கு எந்த ஏமாற்றமும் இல்லை. டென்னிஸ் அப்படியல்ல. நிஜ மட்டையில் பந்து பட்டால் மணிக்கட்டில் ஓர் இடி இறங்கும். ரிமோட்டின் சிறு அதிர்வும் அதற்குள்ளேயே வைத்திருந்த ஸ்பீக்கரின் சத்தமும் அந்தக் குறையை ஓரளவு மூடின. வாள் சண்டைக்கு வந்தால் அதுவும் போதாது. திரையில் வாள் எதிரியின் கேடயத்தில் முட்டி நிற்கும். ஆடுபவரின் கையோ காற்றில் போய்க்கொண்டே இருக்கும். கேரம் ஆடுகிறவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். காயும் பலகையும் திருப்பிச் சொல்லும் பதிலால்தான் விரல் எவ்வளவு விசை வேண்டும் என்று கற்றுக்கொள்கிறது.

அடுத்த சிக்கல் சென்சாரில். முதல் வீ ரிமோட்டின் அசைவுச் சென்சார் ஆக்சிலரோமீட்டர். அது முடுக்கத்தை அளக்கும். கை எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. புவியீர்ப்பையும் கையசைவையும் தனித்தனியாகப் பிரித்தறியவும் தெரியாது. சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டினாலே டென்னிஸில் ஜெயிக்கலாம் என்பதை ஆடியவர்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். (டிவி அருகில் வைக்கும் ‘சென்சார் பார்’ என்ற பட்டையில் சென்சாரே கிடையாது, இரு முனைகளிலும் அகச்சிவப்பு விளக்குகள்தான். அதற்குப் பதில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றிவைத்தாலும் ரிமோட் குறிபார்க்கும். பெயரை நம்பி ஏமாந்தவர்களில் நானும் உண்டு.)

2009-இல் மோஷன்பிளஸ் என்ற துணைக்கருவி வழியாகக் கைரோஸ்கோப் சேர்ந்தது. மணிக்கட்டின் திருப்பம் இப்போது துல்லியமாகத் தெரிந்தது. அதையே நம்பி 2011-இல் வந்தது செல்டா வரிசையின் ஸ்கைவர்ட் சோர்ட். எதிரி எந்தப் பக்கம் தடுக்கிறானோ அதை விட்டு மறுபக்கம் வாளை வீச வேண்டும். யோசனை அருமை. ஆனால் வலமிருந்து இடமாக வீச நினைப்பவர் கையை முதலில் வலப்பக்கம் கொண்டுபோவார். அந்த ஓங்கலையே வீச்சு என்று விளையாட்டு எடுத்துக்கொண்டால் ஆடுபவருக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? பட்டனுக்கு ஓங்கல் கிடையாது, அழுத்திய கணமே முடிவு தெரிந்துவிடும். அசைவையோ கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் இன்னதென்று சொல்ல முடியும். அவசரப்பட்டால் தப்பு, பொறுத்திருந்தால் மந்தம். நல்ல பொறியாளர் இந்த இடைவெளியைக் குறைப்பார், ஒழிக்க முடியாது. 2021-இல் ஸ்விட்சுக்கு வந்த மறுபதிப்பில் ஸ்டிக்கைக் கொண்டே வாளை வீசும் வழியையும் நின்டெண்டோ சேர்த்தது.

இதைவிட மோசம், பட்டன் இருந்த இடத்தில் குலுக்கலைப் போடுவது. 2010-இல் வந்த டான்கி காங் கன்ட்ரி ரிட்டர்ன்ஸில் உருள்வதற்கு ரிமோட்டைக் குலுக்க வேண்டும். பள்ளத்தின் விளிம்பில், கண நேரக் கணக்கில் உருள வேண்டிய ஆட்டத்தில் இது தண்டனை. 2013-இல் 3டிஎஸ்ஸுக்கு வந்தபோது அந்த வேலை பட்டனுக்குப் போனது. பிளேஸ்டேஷன் 3-இல் டிராகன் ஓட்டும் லேர் விளையாட்டு 2007-இல் கன்ட்ரோலரைச் சாய்த்தே ஆடும்படி வந்தது. மறு வருடமே ஸ்டிக்கில் ஆடும் வசதியைத் திருத்தமாக வெளியிட்டார்கள்.

உடலசைவைக் கேமராவால் பார்க்கும் எக்ஸ்பாக்ஸின் கினெக்ட் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2010-இல் வந்து 60 நாளில் 80 லட்சம் விற்றது. 2013-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னோடு கட்டாயமாகக் கட்டிக்கொடுத்தார்கள். அடுத்த வருடமே கட்டை அவிழ்த்தார்கள். 2017-இல் உற்பத்தியே நின்றது. கையில் எதுவும் இல்லாத நடனத்துக்கு அது பொருந்தியது. டான்ஸ் சென்ட்ரல் இன்றைக்கும் ஆடத்தக்கது. மெனுவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கக்கூடக் கையை அந்தரத்தில் தூக்கிப் பிடித்தபடி காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை மட்டும் மறக்க முடியவில்லை.

அப்படியானால் அசைவால் ஆடும் மோஷன் கன்ட்ரோல் தோற்றுவிட்டதா? இல்லை, சத்தமில்லாமல் ஜெயித்துக்கொண்டிருக்கிறது. 2015-இல் வந்த ஸ்பிளட்டூனை ஆடிப் பாருங்கள். பக்கவாட்டில் பெரிதாகத் திரும்புவது ஸ்டிக்கில், நுணுக்கமாகக் குறிபார்ப்பது கைரோவில். கை ஓர் அங்குலம்கூட நகராது. கைரோ கொஞ்சம் கொஞ்சமாக விலகும் என்பது நமக்குத் தெரிந்த பழைய குறைதான். ஆனால் இங்கே அது யாரையும் உறுத்துவதில்லை. குறி தவறினால் கண் பார்த்துவிடும், அடுத்த கணமே கை திருத்திவிடும், நிறைய விலகினால் ஒரு பட்டனைத் தட்டி நேராக்கிக்கொள்ளலாம். வாள் வீச்சில் தப்பை அறியும்போது வீச்சே முடிந்திருக்கும். சென்சார் ஒன்றே, ஆடுபவருக்குத் திருத்த நேரம் கிடைக்கிறதா என்பதில்தான் வேறுபாடு. 2017-இன் பிரெத் ஆஃப் தி வைல்டில் வில் எய்வதும், 2022-இல் வந்த ஸ்டீம் டெக்கில் கைரோவுக்குக் கிடைத்திருக்கும் இடமும் இந்த வழியில்தான் போகின்றன.

கடைசியாக, கையை வீச முடியாதவர்களை நாம் நினைப்பதே குறைவு. மூட்டுவலிக்காரர், ஒரு கையால் ஆடுபவர், மின்விசிறிக்கு அடியில் பத்துக்குப் பத்து அறையில் நாலு பேரோடு இருப்பவர் எல்லாரும் நம் ஆட்டக்காரர்கள்தான். அசைவை அணைக்கும் வசதியையும் உணர்திறனைக் கூட்டிக் குறைக்கும் வசதியையும் மெனுவின் முதல் பக்கத்திலேயே வையுங்கள். அடுத்த பில்டில் இன்னொன்றும் செய்து பாருங்கள்: ஆடுபவரிடம் சொல்லாமல் உங்கள் குலுக்கலை எடுத்துவிட்டு ஒரு பட்டனை வையுங்கள். ‘ஏதோ குறைகிறதே’ என்று யாரும் கேட்காவிட்டால், பட்டனே இருக்கட்டும்.