திரும்பும் வழி

கைபேசிச் செயலியில் முந்தைய திரைக்கு மீட்டுச் செல்லும் விசையைச் சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் தெலுங்கரும் தமிழரும் ஒருபோலப் ‘பேக்’ என்றே சொல்கின்றனர். 2008-இல் வெளிவந்த முதல் ஆண்ட்ராய்டு கைபேசியில் அது அழுத்தக்கூடிய தனிப் பொத்தானாக இருந்தது. 2011-இல் திரைக்குள் இடம்பெயர்ந்தது. 2019-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 10-இல், திரையின் ஓரத்திலிருந்து விரலை உள்நோக்கி இழுக்கும் அசைவாகவும் மாறியது.

திறக்கப்படும் ஒவ்வொரு திரையையும் கைபேசி முந்தையதன்மேல் வைத்துக்கொண்டே போகிறது. கணினியியலில் ‘அடுக்கு’ எனப்படும் இந்த அமைப்பில், அடுக்கிய தையல் இலைகளை மேலிருந்து உருவுவதுபோல, கடைசியாக வந்த திரையே முதலில் நீங்க, அதன் கீழிருந்தது வெளிப்படும்.

திருமலைக்கு 1944-இல் அமைந்த மலைச்சாலை இன்று இறங்குவதற்கும், 1974-இல் அமைந்த இரண்டாம் சாலை ஏறுவதற்கும் பயன்படுவதால், ஏறிய வழியே எந்தப் பேருந்தும் இறங்குவதில்லை. செயலியிலோ பெரும்பாலான திரைகளுக்கு இதற்கு நேர்மாறான விதியே பொருந்தும். 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசனத்திற்கு முன்பதிவு செய்யும் குடும்பத்தலைவி, நால்வரின் பெயர், வயது, அடையாள எண் ஆகியவற்றை நிரப்பியபின் தேதியைச் சரிபார்க்க ஒரு திரை பின்னே சென்றால், வந்த வழியே மீளவும், தட்டச்சு செய்தவை அழியாதிருக்கவும் வேண்டும். எந்த முன்பதிவுச் செயலியானாலும், அந்த ஓர் இழுப்பில் முகப்புக்குத் தள்ளிவிடுவதோ படிவத்தை வெறுமையாக்குவதோ பெரும் பிழையாகும். இடங்கள் விரைந்து தீரும் வேளையில் மீண்டும் நிரப்ப அவருக்கு அவகாசமிராது.

பணம் செலுத்தும் திரைதான் மலைச்சாலை விதியை வேண்டுவது. திரையை மூடுவதால் வங்கிக்குச் சென்றுவிட்ட கட்டளை நின்றுவிடாது. ஆகவே பணம் செலுத்தும்போது பின்விசை அழுத்தப்பட்டால், செயலி உடனே திரையை விலக்காமல் பரிவர்த்தனையின் நிலையைத் தன் வழங்கிக் கணினியிடம் கேட்டுச் சொல்லவேண்டும். சீட்டு உறுதியானபின் பணத்திரையையும் படிவத்தையும் அடுக்கிலிருந்தே நீக்கிவிட்டு, பின்விசை நேரே முகப்புக்கு இட்டுச்செல்லுமாறு அமைக்கவேண்டும். இல்லையெனில் பழைய பணத்திரை மீண்டும் தோன்றி, ஒரே சீட்டுக்கு இருமுறை பணம் செலுத்த நேரும். நிரலாளருக்கு இது சில வரிகளில் முடிகிற வேலை. செய்யாமல் விடுவதற்கு நியாயமே இல்லை.

கணக்கில் பணம் கழிந்தும் விற்பவரிடம் உறுதிப்பாடு சேராத யுபிஐ பரிவர்த்தனையில், அத்தொகை 5 நாட்களுக்குள் தானாகவே திரும்பவேண்டும் என்றும், தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு என்றும் ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதித்துள்ளது. தொகை இவ்வாறு திரும்பினாலும், அந்த நாளுக்குரிய தரிசன இடம் அதற்குள் வேறொருவருக்குப் போயிருக்கும்.