பவளச் சோலையின் விருந்தினர்

கண்ணுக்கு விருந்தளிக்கும் காட்சிகளுள் கடலடிக் காட்சிக்கு ஒப்பானது வேறொன்றில்லை என்பர், அதனைக் கண்டு வந்தோர். மலையைக் காண ஏறுதல் வேண்டும். அருவியைக் காண அண்ணாந்து நோக்குதல் வேண்டும். பவளச் சோலையைக் காணவோ, கடல்நீரின்மேல் குப்புற மிதந்தாற் போதும். முகத்தை மூடிய கண்ணாடியும், வாயிற் கவ்விய மூச்சுக்குழலும், காலில் மாட்டிய துடுப்பும் உடையவன், தலையை நீர்க்குமேல் தூக்காமலே நெடுநேரம் கீழ்நோக்கியிருக்கலாம். இதனை ஸ்நார்க்கெலிங் என்பர். முத்துக் குளிப்போரைப்போல மூச்சடக்கி ஆழம் புக வேண்டுவதில்லை. ஆதலின் சிறுவரும் முதியோரும் இதில் விருப்பம் கொள்கின்றனர்.

ஆஸ்திரேலியாவின் கீழ்க்கரையை ஒட்டி 2,300 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் பெரும் பவளத்திட்டு, எகிப்து நாட்டுச் செங்கடற்கரை, கரிபியன் கடலின் பொனேர் தீவு, மாலத்தீவுகள், ஹவாய், பலாவு என இதற்குப் பேர்பெற்ற இடங்கள் பல. அவற்றின் எழிலைப் பாராட்டி எழுதினோர் பலர். யான் ஈண்டுக் கூற விரும்புவது வேறு. இவ்விடங்களில் புகுவோர் தொகைக்கு வரம்பு வேண்டும். சில நாள்களிலேனும் வாயில் அடைத்தல் வேண்டும் என்பதே என் கருத்து.

மாணவர்களே! பவளப்பாறை என்பது வெறுங் கல் அன்று. மிகச் சிறிய உயிர்கள் கடல்நீரிலுள்ள சுண்ணத்தைக் கொண்டு தமக்கெனக் கட்டிக்கொண்ட வீடு அது. பாட்டன் கட்டிய வீட்டின்மேல் பேரன் கட்டுவதுபோல, ஒரு தலைமுறையின் மேல் மற்றொரு தலைமுறை கட்டிக்கொண்டே செல்லும். ஓராண்டில் ஒரு சென்டிமீட்டர் அளவே உயரும் இனங்கள் அவற்றுள் உண்டு. அவ்வுயிர்களின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருந்து உணவும் நிறமும் நல்குகின்றன. (அணிகலனில் பதிக்கும் செம்பவளம் வேறு, பாறை கட்டும் பவளம் வேறு. பெயர் ஒன்றாயிருத்தலின் இரண்டையும் ஒன்றெனக் கருதுவார் உளர்.) இத்தகைய பாறைமீது களைத்த நீச்சற்காரன் ஒருவன் காலூன்றி நிற்பானாயின், ஒரு மனிதனின் வாழ்நாள் முழுவதும் வளர்ந்தது ஒரு நொடியில் நொறுங்கிப்போகும். அவன் தீயவன் அல்லன். தன் காலடியில் இருப்பது உயிர் என்பதை அறியாதவன்.

ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான ஓவாஹுவில், பழைய எரிமலைவாயின் ஒரு பக்கம் உடைந்து கடல் உட்புகுந்தமையால் அமைந்தது ஹனௌமா குடா. 1961-இல் வெளிவந்த ஒரு திரைப்படத்தால் அதன் புகழ் பரவியது. 1967-இல் அரசு அங்கே மீன்பிடித்தலைத் தடுத்துக் கடலுயிர்களுக்குக் காப்பு அளித்தது. மீன்கள் அஞ்சாமல் மனிதரை அணுகின. அதுவே வினையாயிற்று! வலைக்குத் தப்பிய குடா, வேடிக்கை காண்பார்க்குத் தப்பவில்லை. 1980-களில் சில நாள்களில் அச்சிறு குடாவினுள் புகுந்தோர் தொகை பதினாயிரத்தை எட்டியது. மக்கள் பாறைமேல் நடந்தனர். பட்டாணியும் ரொட்டியும் மீன்களுக்கு வீசினர். உடலிற் பூசிய எண்ணெய் நீரின்மேல் படர்ந்தது. கலங்கிய மணல் பவளத்தை மூடியது. அன்பினாலேயே ஓர் இடத்தை அழிக்கக்கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று யான் அறியேன்.

பின்னர் வரம்புகள் வந்தன. மீனுக்கு இரையிடுதல் விலக்கப்பட்டது. கடலுக்குள் இறங்குமுன் ஒன்பது நிமிடம் அமர்ந்து ஓர் அறிவுரைப் படத்தைக் காணுதல் வேண்டும் என்றாயிற்று. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச்சு முதல் பல திங்கள் குடா மூடிக் கிடந்தது. நீர் தெளிந்தது, மனிதர் ஆரவாரம் ஓய்ந்த அலைவாய்க்கு உயிர்கள் திரும்பின. அவ்வாண்டு டிசம்பரில் மீண்டும் திறந்தபோது, நாளொன்றுக்கு 720 பேரையே விடுவதென்றும், திங்களும் செவ்வாயும் குடாவுக்கு ஓய்வு என்றும் வகுத்தனர். அத்தொகை பின்னர் உயர்த்தப்பட்டது எனினும், பதினாயிரத்திற்கு மிகவும் கீழ்ப்பட்டதே.

கடல் எல்லார்க்கும் பொது அன்றோ? அதற்குக் கதவு இடுவது முறையா? இவ்வாறு வினவுவோர்க்கு மறுமொழி கூறுதல் கடன். வெளியூரார் ஹனௌமாவில் கட்டணம் செலுத்துகின்றனர். ஹவாயில் வாழ்வோர்க்குக் கட்டணம் இல்லை. கட்டணத்தை மட்டும் வரம்பாகக் கொள்வதை யான் ஏலேன். காசுடையவன் மட்டும் காணலாம் எனின், அது காப்பு அன்று, வாணிகம். ஆனால், அடைத்த கதவு செல்வனையும் ஏழையையும் ஒப்பவே நிறுத்துகிறது. பொதுக்குளத்தைத் தூர் வாரும்போது எவரையும் இறங்க விடாமை, பொதுவுரிமையைப் பறித்தல் ஆகாது.

இதனினும் கடினமான வினா ஒன்று உண்டு. அது வயிற்றைப் பற்றியது. தாய்லாந்தில் மாயா குடா என்னும் இடம், 2000-இல் வந்த ஒரு திரைப்படத்தால் உலகப் புகழ் பெற்றது. நாள்தோறும் ஐயாயிரம் பேர் வரை விசைப்படகுகளில் வந்து குவிந்தனர். படகுகளின் நங்கூரமும் சுழல்விசிறியும் பவளத்தைச் சிதைத்தன. 2018 ஜூனில் அரசு அக்குடாவை மூடியது. படகோட்டிகளுக்கும் சிறு வணிகர்க்கும் அது பெரிய இடர். அவர்கள் துன்பத்தை எளிதாக எண்ணுவது அறிவுடைமை ஆகாது. கதவை அடைக்கும் அரசு அவர்களுக்கு மாற்றுப் பிழைப்பும் காட்டக் கடமைப்பட்டது. ஆயினும், பவளம் முற்றும் மாண்ட பின் எவர் அப்படகில் ஏறுவர்? மூன்றாண்டுகளுக்கு மேல் மூடியிருந்த அக்குடாவில் ஆயிரக்கணக்கான பவளத்துண்டுகளை நட்டனர். கரிய நுனித் துடுப்புடைய சுறாக்கள் திரும்பி வந்தன. 2022 சனவரியில் திறந்தபோது, படகுகள் தீவின் பின்புறத்தே நின்றன. குடாவினுள் நீந்துதல் விலக்கப்பட்டது. படகோட்டிகள் தொழிலை முற்றும் இழக்கவில்லை.

கடல் வெப்பமுறுதலே பெருங்கேடு. நீந்துவாரை எண்ணுவதால் ஆவது என்ன என்பார் கூற்றில் பெரிதும் உண்மை உண்டு. வெப்பம் மிகின் பவளம் தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றி வெளிறிப்போகும். வெப்பம் நீடிப்பின் மடியும். 2016-இல் ஆஸ்திரேலியப் பவளத்திட்டில் பேரழிவுக்கு ஆளானது, மனிதர் மிகுதியாகச் செல்லாத வடபகுதியே. ஆகவே, குடாவின் கதவு வெப்பத்தைத் தடுக்காது. அதற்கு மருந்து, உலகம் எரிக்கும் நிலக்கரியையும் எண்ணெயையும் குறைப்பதே. ஆயினும், காய்ச்சலிற் கிடப்பவனுக்கு மருந்து வரும்வரை அவன்மீது ஏறி மிதிக்கலாமா?

பசிபிக் பெருங்கடலிலுள்ள பலாவு சிறு நாடு. மீன் முட்டையிடும் காலத்தில் ஊர்த்தலைவர்கள் பவளத்திட்டின் ஒரு பகுதியை மூடிவிடும் வழக்கம் அங்கே தொன்றுதொட்டு உண்டு. அதற்குப் ‘புல்’ என்று பெயர். நம் மொழிப் புல்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அம்மக்கள் 2017 டிசம்பர் முதல் மற்றொரு வழக்கத்தையும் தொடங்கினர். தங்கள் நாட்டைக் கெடுக்க மாட்டோம் என்னும் உறுதிமொழி, வருவோரின் கடவுச்சீட்டிலேயே முத்திரையாகப் பதிக்கப்படுகிறது. அதனை எழுதுவதில் அந்நாட்டுப் பள்ளிச் சிறுவரும் பங்கு கொண்டனர். அவர்களை நோக்கியே அவ்வுறுதி கூறப்படுகிறது. நெடுந்தொலைவிலிருந்து வரும் பெரியவர்கள், முன்பின் அறியாத அச்சிறுவர்க்கு வாக்களித்துக் கையெழுத்திட்ட பின்னரே அத்தீவினுள் காலடி வைக்கின்றனர்.